கொட்டை காய முதல் அனுப்பிவிடு

மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் நெருப்பு. இந்த முறை கச்சான் காற்று பேய்க்காற்றாக அடிக்கிறது, கினிப்புல் முழுக்கச் சருகாகிக் கிடக்கிறது, யாராவது ஒரு சுருட்டை அணைக்காமல் போட்டாலே போதும். போன வெள்ளி பின்னேரம் மேற்கே புகை தெரிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடினோம். நாங்கள் ஆறடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக விட்டிருந்த வரம்பு வரைக்கும் வந்துதான் நெருப்பு நின்றது. விடியும் வரை பச்சைக் கொப்புகளால் அடித்து அடித்துக் கை எல்லாம் கொப்புளம். ஆனால் உள்ளே நாங்கள் திரும்ப வளர்க்கிற காட்டில் ஒரு கன்றுகூடக் கருகவில்லை மச்சான், அந்தச் சந்தோஷத்தை யாருக்குச் சொல்வது, உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

கரடியனாற்றுக்கு அப்பால், குளத்துக்கு மேல்பக்கம் மாமாவின் வண்டிலில் போவோமே, அந்த இடம்தான். பாலைப்பழம் தின்று உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ள, நல்லெண்ணெய் பூசித்தான் வாயைத் திறந்தாய், ஞாபகம் இருக்கிறதா? 1978 நொவெம்பர் 23 இரவு அடித்த சூறாவளியோடு பெரிய மரங்கள் பாதி சரிந்தன. மிச்சத்தில் முதிரையும் கருங்காலியும் யுத்த காலத்தில் போயின. அதற்குப் பிறகு காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர், சோளம். அதையும் விட்டுப் போன பிறகு கினிப்புல். வருடா வருடம் எரியும், எரிந்த இடத்தில் புல் இன்னும் அடர்த்தியாக முளைக்கும், மரக்கன்று தலைதூக்க இடமே கிடைக்காது. இப்படியே எத்தனையோ வருடம்.

நாங்கள் 12 ஏக்கரில் தொடங்கியதற்கு முன்பே அங்கு ஒரு மரநடுகை நடந்தது. ஒரு நிறுவனம் லொறியில் தேக்கும் மகோகனியும் கொண்டுவந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போனது. அது ஆடி மாதம். நம் பக்கத்தில் ஆடியில் நட்டால் எது பிழைக்கும்? ஊரில் ஒரு ஆளைக் கேட்டிருந்தால் கார்த்திகை மழை வரட்டும் என்று சொல்லியிருப்பார், ஒருவரையும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் பொலித்தீன் பைகள் மட்டும் கிடந்தன. அன்று அந்தப் பிள்ளைகளின் முகம் வாடியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

சரி, நாங்கள் படித்ததைச் சொல்கிறேன். முதல் வருடம் குழி வெட்டப் போனபோது மண்வெட்டி எதிலோ ‘ணங்’ என்று பட்டது. தோண்டிப் பார்த்தால் வீரை மரத்தின் அடிக்கட்டை, மேலே முழங்கால் அளவுக்கு நாலைந்து மெல்லிய துளிர், கீழே என் தொடைத் தடிப்பில் உயிருள்ள வேர். ஒவ்வொரு வருடமும் துளிர்த்து, ஒவ்வொரு வருடமும் எரிந்து, சாகாமல் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு குழி வெட்டுவதை நிறுத்திவிட்டு 12 ஏக்கரையும் தவழ்ந்து தேடினோம். வீரை, நாவல், கூழா என்று அடிக்கட்டைகள் எத்தனையோ! ஒவ்வொன்றுக்கும் ஒரு தடி நட்டு, சிவப்புத் துணி கட்டி, சுற்றி இரண்டு கை விரித்த அகலத்துக்குப் புல்லைப் பிடுங்கி, நல்ல துளிர் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழித்தோம். அவ்வளவுதான். இரண்டாம் மாரியில் என் தலைக்கு மேலே போய்விட்டது. மண்ணுக்குள் வேர் ஆயத்தமாக இருக்கிறதே. நட்ட கன்றுக்கு அந்த வேரை உண்டாக்கவே எத்தனை மாரி வேண்டும்! அதனால்தான் கன்று வாங்கும் காசில் பாதியை நெருப்பு வரம்புக்கும் புல் பிடுங்குகிற கூலிக்கும் வையுங்கள் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுகிறேன். கேட்பவர் குறைவு, ஏனென்றால் நட்ட கன்றை எண்ணிக் காட்டலாம், வராத நெருப்பை எப்படி எண்ணுவது.

வேர் இல்லாத இடத்துக்குத்தான் நாற்று. அதை மாதர் சங்கத்துப் பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். நாவல், வேம்பு, இலுப்பை எதுவுமே கொட்டையை வைத்து வைத்து நடக்கூடிய சாமான் இல்லை, சில கிழமையில் முளைப்புத் திறன் போய்விடும். பழம் விழுவது கச்சான் காற்றுக் காலத்தில், மழை வருவது கார்த்திகையில், ஆக இடையில் நாற்றுமேடையில் வைத்து நிழலும் தண்ணீரும் கொடுக்க ஆள் வேண்டும். ஒரு மூத்தம்மா இருக்கிறார், நாவல் கொட்டையைச் சதை போகச் சாக்கில் தேய்த்துக் கழுவி அன்றைக்கே மண்ணில் போட்டுவிடுவார், நாளைக்கு என்ற பேச்சே இல்லை. ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும், அதைப் பிரித்துத் தனித்தனிப் பையில் வைப்பார். முதிரைக் காய் வெடித்தால் இறக்கை வைத்த விதையைக் காற்று கொண்டு போய்விடும், வெடிக்க முதல் மரத்துக்கு ஆள் ஏற வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. போன கார்த்திகையில் நட்டது 400 கன்று, நேற்று எண்ணியபோது 270 நின்றது.

மாடுதான் பெரிய தலையிடி. வேளாண்மை தொடங்கினால் வட்டையில், அதாவது வயல்வெளியில், மாடு நிற்கக்கூடாது, பட்டிகளைக் காட்டுக்கரைக்கு ஏற்றிவிடுவார்கள். நாங்கள் கன்று நடுவதும் சரியாக அந்த மாதத்தில். முதல் வருடம் வேலி போட்டோம், பட்டிக்காரர்களோடு சண்டை வந்தது, வேலியை யானையும் மிதித்தது. அப்புறம் ஒரு நாள் பட்டியடிக்கே போய்ப் பால் குடித்துக்கொண்டு இருந்து கதைத்தோம். மாடு தண்ணீருக்குப் போகும் வழியை நாங்கள் அடைத்திருக்கிறோம், அது எங்கள் பிழை. வழியை விட்டோம். வரம்புக்குச் செதுக்குகிற புல்லையும் அவர்களே எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமைப் புகையை முதலில் கண்டு போன் எடுத்ததே ஒரு பட்டிக்காரத் தம்பிதான்.

“காட்டை வளர்த்தால் யானை வாசலுக்கு வரும்” என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. வீடு உடைபட்ட சனம் அவர்கள், அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் இல்லை. வீட்டுப் பக்கம் ஒரு மரமும் நடுவதில்லை, குளத்துக்கு மேல்பக்கம் மட்டும் என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்டோம். குளத்தில் மண் நிரம்புவது குறைந்தால் வட்டைக்குத் தண்ணீர் கூடும், அது எல்லாருக்கும் விளங்கும் கணக்கு.

இனி உன் விஷயம். கோமாரிக் களப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு கண்டல், அதுதான் உப்புநீர்ச் சேற்றில் வளர்கிற மரம், நடப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். நல்லது, ஆனால் கொஞ்சம் பொறு. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள், ஒன்பது இடத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200 சொச்சம். பிழையான மட்டத்தில் நட்டது, நட்ட பிறகு திரும்பிப் பார்க்காதது, மாடு, இவைதான் காரணங்கள். கண்டல் காய் நீளமாக இருக்கும், சேற்றில் குத்தினால் நிற்கும், சுலபம் என்று எல்லா இடத்திலும் அதையே குத்திவிடுகிறார்கள். கண்ணா என்கிற மற்றச் சேற்றுமரம் நிற்கிற மேட்டில் கண்டல் நிற்காது. உங்கள் முகத்துவாரம் மண் மூடினால் களப்புத் தண்ணீர் எவ்வளவு உயரும், எத்தனை கிழமை நிற்கும் என்று மீன்பிடிக்கிற ஆட்களிடம் கேள். கன்று மூழ்கிக் கிடந்தால் செத்துவிடும். ஒரு மாரி முழுக்கத் தண்ணீர் மட்டத்தைத் தடியில் குறித்து வை, தானாக முளைத்த கண்ணாக் கன்று எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளையே தேடவிடு. நடுகை அடுத்த வருடம் நடக்கட்டும்.

வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவள் கொழும்புக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்னிடம் ஒரு உதவி. உங்கள் கோயில் வளவில் பெரிய இலுப்பை நின்றதே, விளக்குக்கு எண்ணெய் ஆட்டுவார்களே, அது இன்னும் நிற்கிறதா? ஆவணியில் கொட்டை விழும். விழுந்த அன்றைக்கே பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி மட்டக்களப்பு பஸ்ஸில் போட்டுவிடு, கொண்டக்டரிடம் சொல்லி வெயில் படாத பக்கம் வைக்கச் சொல். நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். ஒரு நாள் பிந்தினாலும் மூத்தம்மா என்னைத்தான் ஏசுவார்.

அன்புடன்,
உன் படுவான்கரை மச்சான்