கரண்டைக் குறைத்தது உண்மை, பில்லுக்காக அல்ல

அன்புடையீர்,

வணக்கம். இந்த மடலை நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். திருவிழா நடக்கும் 25 நாளும் எங்கள் பிசியோதெரபி நிலையத்தில் ஆள் குறைவு. பூங்காவனம் முடிந்த கையோடு நாரியையும் முழங்காலையும் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக வருவீர்கள். அதற்குள் எழுதிவிடலாம் என்று இருந்தேன், நடக்கவில்லை. இதற்கிடையில் ஒரு குரல் பதிவு கோண்டாவிலில் புறப்பட்டு, கொழும்பு போய், ரொறன்ரோ போய், என் சொந்த மச்சாளின் போனில் இருந்து எனக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

"முந்தி அறுபது வைச்சவை, இப்ப முப்பத்தைஞ்சுதான் வைக்கினம். கரண்ட் பில் கூடினதாலை மிசினைக் குறைச்சுப்போட்டினம்." இதுதான் அதன் சாரம். அறுபது, முப்பத்தைந்து என்பது தசையைத் தூண்டும் மிசினில் நாங்கள் வைக்கும் கரண்டின் அளவு, மில்லி அம்பியரில். பேசியவரை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல வருவார், நானும் வழக்கம்போல, மிசினில் இருந்து தோலுக்குக் கரண்டைக் கொண்டுபோகும் பாட் ஒட்டுவேன்.

விலை கூட என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். காத்திருக்க வைக்கிறார்கள் என்றாலும் சரி, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பில்லுக்குப் பயந்து நோயாளியின் கரண்டைக் களவெடுக்கிறேன் என்பது கொஞ்சம் அதிகம். ஆகவே கணக்கைச் சொல்கிறேன். தசையைத் தூண்டும் மிசினில் இருந்து உங்கள் தொடைக்குள் போகும் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் சில பங்கு நேரம்தான் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் சராசரியில் ஒரு வாட்ஸ் வராது. உங்கள் கட்டிலுக்கு மேலே சுற்றும் ஃபான் 60, 70 வாட்ஸ் எடுக்கிறது. பில்லைக் குறைக்க நினைத்தால் நான் ஃபானை அல்லவா நிறுத்த வேண்டும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதுகூட சின்ன மிசினில் 9 வோல்ட் சதுரப் பற்றரியைப் போட்டுப் பலருக்கு வேலை செய்தோம். அந்த நாட்களில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

சரி, 60 ஏன் 35 ஆனது?

பழைய மிசினில் துடிப்பின் அகலத்தை, அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரத்தை, மாற்ற முடியாது. அது 200 மைக்ரோ செக்கனில் நின்றது. தொடைத் தசை நன்றாக இழுக்க வேண்டுமென்றால் மில்லி அம்பியரைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. இப்போதிருக்கும் மிசினில் அகலத்தையும் மாற்றலாம், பெரிய தசைகளுக்கு 350 வைக்கிறோம். 60ஐ 200ஆல் பெருக்குங்கள், 12,000. 35ஐ 350ஆல் பெருக்குங்கள், 12,250. ஒரு துடிப்பில் உள்ளே போகும் மின்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். நரம்பு அச்சொட்டாக இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டின்படி நடப்பதில்லை, ஆனாலும் திரையில் தெரியும் இலக்கத்தை மட்டும் பார்த்துக் கூடவா குறையவா என்று சொல்ல முடியாது என்பது இதில் விளங்கும். நம் ஊரில் எந்த இலக்கத்தைக் கண்டாலும் சோதனைப் புள்ளி மாதிரித்தான் பார்ப்போம். பக்கத்துக் கட்டில்காரர் 45 என்றால் நமக்கு 50 வேண்டும். ஒரு முறை இரண்டு ஐயாமார் திரைச்சேலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து ஏலம் கேட்பதுபோலக் கூட்டச் சொன்னார்கள். நான் இருவருக்கும் கூட்டவில்லை.

நான் பார்ப்பது இலக்கத்தை அல்ல, தசையை. முழங்கால் ஒப்பரேசன் செய்தவருக்குத் தொடைத் தசை கெட்டியாகத் திரண்டு இழுத்தால்தான் பலன். மிசின் எவ்வளவு பலமாகத் தசையை இழுக்க வைக்கிறதோ, அதற்கேற்பத்தான் பலமும் திரும்பும். அதனால் நீங்கள் தாங்கக்கூடிய எல்லை வரை கூட்டத்தான் வேண்டும், சும்மா கூசிக்கொண்டிருந்தால் போதாது. ஆனால் அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்குக் காலையிலும் பின்னேரமும்கூட மாறும். அகலம் கூடினால் சிலருக்கு உள்ளே கடுக்கும், அகலம் குறைந்து மில்லி அம்பியர் கூடினால் வேறு சிலருக்கு மேல்தோலில் சுள்ளென்று குத்தும். சொன்னால் மாற்றித் தருகிறோம், சொல்லாமல் பல்லைக் கடிக்க வேண்டாம். இரண்டு செக்கன் எடுத்து மெல்ல ஏறும்படி வைப்பதும் உங்களைத் திடுக்கிட வைக்காமல் இருக்கத்தான்.

குரல் பதிவில் இரண்டாவது குற்றச்சாட்டும் இருந்தது. "ஒரு நிமிசத்திலை பத்து செக்கன்தான் வேலை, மிச்சம் சும்மா கிடக்குது. சும்மா கிடக்கிறதுக்கும் காசு." இதற்கு எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நானும் படிக்கும்போது இதையே கேட்டவள். தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். வடத்தில் நூறு பேர் நின்றாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுப் பலத்தோடு இழுப்பதில்லை. களைத்தவர் கையைத் தளர்த்த, மற்றவர் பிடிப்பார். நீங்களாகக் காலை நீட்டும்போது தசைநார்கள் அப்படித்தான் முறை மாற்றிக்கொள்கின்றன. மிசினில் அந்த முறை மாற்றம் இல்லை. பாட் ஒட்டிய இடத்துக்குக் கீழே அகப்பட்ட அதே நார்கள்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் சேர்ந்து இழுக்கும், ஆகவே சீக்கிரம் களைக்கும். ஓய்வு கொடுக்காவிட்டால் சில தடவையிலேயே இழுப்பு தொய்ந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் காசு கொடுப்பது வெறும் கூச்சத்துக்குத்தான். 10 செக்கன் வேலை, 50 செக்கன் ஓய்வு என்பது நான் கண்டுபிடித்ததும் அல்ல. சோவியத் ஒன்றியத்தில் யாக்கோவ் கொட்ஸ் என்பவர் விளையாட்டு வீரர்களுக்குச் செய்த முறை, 1970களில் வெளியே தெரிய வந்தது. பலம் 40 வீதம் வரை கூடியது என்று அவர் சொன்னது வேறு ஆட்களின் கையில் அப்படி வரவில்லை. ஆனால் அந்த 10க்கு 50 நிலைத்துவிட்டது.

ஒரு செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பதும் களைப்போடு சேர்ந்த விசயம். 10 என்றால் தசை தனித்தனியாகத் துடிக்கும், 35 அளவில் ஒரே இழுப்பாகச் சேரும், 50க்கு மேலே போனால் பலம் கூடும், களைப்பும் கூடவே ஓடி வரும். பாரிசவாதத்துக்குப் பிறகு கையை விரிக்கப் பழகுகிறவர்களுக்கு நீண்ட நேரம் செய்ய வேண்டியிருப்பதால் 30, 35இல் நிறுத்துகிறோம். ஒப்பரேசன் செய்த முழங்காலுக்கு 50க்குக் குறைய வைப்பதில்லை. ஆக, அம்மாவின் மிசினும் மகனின் மிசினும் ஒரே மாதிரி ஓடாததற்கு ஓரவஞ்சனை காரணம் அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் பின்னேரம் காய்ந்துபோன பாட் ஒன்றை ஒட்டி, ஒரு அம்மாவின் தொடையில் சிவந்த அடையாளம் வந்தது. பாட் முழுவதும் தோலோடு ஒட்டாவிட்டால் ஒட்டிய சின்ன இடத்தாலேயே எல்லாக் கரண்டும் போகும், அதுதான் எரிவு. பிழை எங்களுடையது. அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம், அவரும் அடுத்த நாளே வந்து, வரும்போது பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட ஆட்களால்தான் இந்த நிலையம் நிற்கிறது. இனி ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் எழுதிய பாட்தான். அதன் விலையும் சேர்வதால் 1ஆம் திகதியில் இருந்து ஒரு தடவைக்கு 300 ரூபா கூடும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு சின்ன உதவி. வரும் நாளில் முழங்காலுக்கு எண்ணெய் பூச வேண்டாம். நல்லெண்ணெய் நல்லதுதான், ஆனால் எண்ணெய்த் தோலில் பாட் ஒட்டாது, கரண்டும் சரியாக இறங்காது. சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். வலிக்கிறதா என்று உங்களிடம் கேட்டுத்தான் நாங்கள் அளவை வைக்கிறோம், உணர்ச்சி இல்லாத இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டிலில் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பிய வயிற்றுப் பெல்ட்டைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது தசையைத் துடிக்க வைக்கும், வண்டிக் கொழுப்பைக் கரைக்காது. முதல் நாளே முழு அளவில் வைத்து ஒரு மணித்தியாலம் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம், அளவு மீறினால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

பத்து வருசத்துக்கு மேலாக, மழைக்கும் வெள்ளத்துக்கும் கரண்ட் இல்லாத இரவுக்கும் எங்களை விட்டுப் போகாத உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வேலணையில் இருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஐயாவுக்கும், பேத்தியின் ரியூசன் முடியும்வரை எங்கள் வாசல் கதிரையில் காத்திருக்கும் அம்மம்மாவுக்கும் தனியாக.

குரல் பதிவு அனுப்பியவருக்கு: இந்தச் செவ்வாய் மிசினின் திரையை உங்கள் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். பழைய மிசினும் அலுமாரியில்தான் இருக்கிறது, வேண்டுமானால் இரண்டையும் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் பிசியோ தங்கச்சி லண்டன் போய்விட்டதால் சனி பின்னேரம் இனித் திறக்க மாட்டோம். அந்த நேரத்துக்குப் பதிந்தவர்கள் ஒருக்கால் போன் பண்ணுங்கள், வேறு நாள் தருகிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்