அப்பாவின் பேச்சை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து பேச்சை இழந்திருந்த எங்கள் அப்பா இப்போது சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுகிறார். போன வாரம் அம்மாவிடம் "சாம்பார்ல உப்பு கம்மி" என்றார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இதற்குக் கை கொடுத்த ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் சிலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணனுக்கு. அன்றைக்கு அப்பாவின் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியதையும், வாய் ஒரு பக்கமாகக் கோணியதையும் முதலில் கவனித்தவர் நீங்கள்தான். வெயில் மயக்கம், கொஞ்ச நேரம் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்களாம். நீங்கள் அதைக் காதில் வாங்காமல் 108-க்குப் போன் போட்டீர்கள். அப்புறம் எத்தனை மணிக்கு இது ஆரம்பித்தது என்பதையும் பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்தீர்கள். மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ரத்தக் கட்டி அடைத்து வருகிற பக்கவாதமாக இருந்தால், அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அப்பாவுக்கு அது நேரத்தோடு கிடைத்தது. ஆம்புலன்ஸில் வந்த இரண்டு தம்பிகளுக்கும், அன்றிரவு பணியில் இருந்த டாக்டருக்கும், வார்டு நர்ஸ்களுக்கும் நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள்.

உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் பேச்சு வரவில்லை. மூளையின் இடது பக்கம் அடிபட்டதால் வலது கையும் காலும் சோர்ந்து போயிருந்தன. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில்தான் வாய்வரை வந்து நின்றுவிடும். இதற்கு அஃபேசியா என்று பெயர். வாழ்நாள் முழுக்கச் சொற்களோடு புழங்கிய மனிதர் தண்ணீர் கேட்க முடியாமல் தலையணையைக் குத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை.

அடுத்து, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் மகனுக்கு. தம்பி, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்வதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டீர்கள். ஒரு மத்தியானம் உங்கள் அப்பாவுக்காகப் போனில் பழைய பாட்டு போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? 'மயக்கமா கலக்கமா.' பி.பி.ஸ்ரீனிவாஸ் "மனதிலே குழப்பமா" என்று இழுத்து முடிக்க, எங்கள் அப்பா கூரையைப் பார்த்தபடியே "வாழ்க்கையில் நடுக்கமா" என்று பாடினார். சுருதி கொஞ்சம் விலகியிருந்தது, ஆனால் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. நர்ஸ் அக்கா ஊசித்தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நீங்கள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டீர்கள்.

எத்தனையோ பாட்டு இருக்க இந்தப் பாட்டு அவரைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. அப்பா மதுரையில் ஒரு அச்சகத்தில் கம்போசிட்டராக, அதாவது அச்சு எழுத்துக் கோப்பவராக இருந்தவர். தியேட்டர் வாசலில் விற்பார்களே சினிமா பாட்டுப் புத்தகம், கதைச் சுருக்கம் போட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியுமே, அவற்றில் எத்தனையோ அவர் கோத்தவை. எழுத்தை வரிசையாக அடுக்குகிற ஸ்டிக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைக்க வேண்டும். எழுத்து எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். கண்ணதாசனும் பட்டுக்கோட்டையும் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே தன் விரலுக்கு வந்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

பிறகு ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்தது. ஈய எழுத்தை எடைக்குப் போட்டார்கள், வேலை போயிற்று. வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். பைண்டிங் கடையில் பசை தடவினார், ராத்திரியில் புரூஃப் பார்த்தார். அந்த வருஷங்களில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே காலையில் அவர் முணுமுணுத்தது இந்தப் பாட்டைத்தான். "உனக்கும் கீழே உள்ளவர் கோடி" என்ற வரி வரும்போது எங்களைத் திரும்பிப் பார்ப்பார். சென்னையில் வாய்ப்பு கிடைக்காமல் ஊர் திரும்ப முடிவெடுத்திருந்த வாலி, ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டிய இந்தப் பாட்டைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். "அவ்வளவு பெரிய கவிஞரையே நிறுத்தி வச்ச பாட்டு, என்னை நிறுத்தாதா?" என்பார் அப்பா. ஆறுதல் பாட்டு நிறைய இருக்கிறது. கஷ்டம் போய்விடும் என்று பொய் சொல்லாத பாட்டு இது. வாசல்தோறும் வேதனை இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தோளில் கை போடுகிறது. எனக்கு இதன் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு அதுதான் காரணம்.

இனி எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு. அப்பா பாடியதைப் பார்த்து நாங்கள் துள்ளியபோது, நீங்கள்தான் நிதானமாக உட்கார வைத்து விளக்கினீர்கள். பேச்சுக்குப் பெரும்பாலும் மூளையின் இடது பக்கம்தான் பொறுப்பு, பாடும்போது வலது பக்கமும் நிறையக் கைகொடுக்கும். மனப்பாடமான பாட்டு தானாக வருவது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போட ஒரு முறை இருக்கிறது, அமெரிக்காவில் 1973-லேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தரும் என்று சொல்ல முடியாது, முயன்று பார்ப்போம் என்றீர்கள். முதலில் வெறும் ராகத்தை முனகுவது. அப்புறம் அந்த ராகத்தில் ஒரு சின்ன வாக்கியம். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் மேஜையைத் தட்ட வேண்டும். வாக்கியம் படிந்ததும் ராகத்தை மெல்ல மெல்லக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும்.

அந்தப் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது அழகு. வீட்டில் அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தால், 'மயக்கமா' இருந்த இடத்தில் 'பசிக்குது' அச்சாக உட்கார்ந்தது. 'வலிக்குது', 'குளிக்கணும்', 'புழுங்குது' எல்லாமே அதே அளவு. எங்கள் வீட்டில் காலையில் "பசிக்குது... குளிக்கணும்..." என்று அந்தப் பாட்டின் மெட்டில் கச்சேரி நடக்கும். மாடி வீட்டு அக்கா, அந்தச் சத்தத்தை நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்துக் கேட்டதில்லை. உங்கள் பையன் படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் "தாத்தா, பசிக்குதா?" என்று அதே ராகத்தில் கேட்பான். அப்பா அவனுக்குத்தான் முதன்முதலில் ராகம் இல்லாமல் "ஆமா" என்றார்.

அப்பாவோடு அச்சகத்தில் வேலை பார்த்த மாமா, பழைய பாட்டுப் புத்தகங்களை மஞ்சள் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் மாறி வந்தீர்கள். பழுப்பேறின அந்தத் தாள்களை அப்பா இடது கையால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. என்னவென்று பார்த்தால், 'ன' வர வேண்டிய இடத்தில் 'ண' விழுந்திருக்கிறது. "பிழை" என்றார். அந்த ஒரு சொல்லை வரவழைக்க உங்களால்தான் முடிந்தது மாமா.

எங்களால் நேரில் நன்றி சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். 1962-ல் 'சுமைதாங்கி'க்காக இந்தப் பாட்டை எழுதிய கண்ணதாசன் 1981-ல் போய்விட்டார். பாடிய ஸ்ரீனிவாஸும், இசையமைத்த இரட்டையரில் ராமமூர்த்தியும் 2013 ஏப்ரலில் மூன்று நாள் இடைவெளியில் மறைந்தார்கள். விஸ்வநாதன் 2015-ல். அவர்கள் குடும்பத்தார் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், மதுரையில் ஒரு கம்போசிட்டர் வீட்டில் அந்த நான்கு பேரையும் தினமும் கும்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவைப் பார்க்க வர விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், காலையில் பயிற்சி இருக்கும். அவர் ஒரு வார்த்தைக்குத் திணறினால் தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவரே சொல்லி முடிக்கட்டும் என்பது பயிற்சியாளர் அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. பழைய பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றியுடன்,
அப்பாவின் மூத்த மகள்