பந்தை அப்புறம் ஊதலாம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

வசந்தி,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு உண்டான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். போதுமா?

லாஸ்பேட்டையில் உன் சிறப்புக் குழந்தைகள் வகுப்பின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கு, உட்காரும் பெரிய பந்து ஆறு, நாற்காலிமேல் போடும் காற்று மெத்தை நாலு, பீன் பேக், ஜன்னலோரம் குதித்தாட ஒரு குட்டி டிராம்போலின். வகுப்பா அது, தேர்த்திருவிழாக் கடையா? அந்த மூலையில் ஒரு நீலச் சட்டைப் பையன், பார்த்தாயா? நாற்காலி நுனியில் சறுக்கிக்கொண்டு, கால் இரண்டும் தரைக்கு அரைச் சாண் மேலே தொங்க, ஒரு கையால் மேசையை இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவனுக்குப் பந்து எதற்கடி? விழாமல் உட்காருவதற்கே அவன் தெம்பெல்லாம் போய்விடுகிறது. அப்புறம் எங்கே பென்சில் பிடிப்பது?

முதலில் கால் பதியட்டும். இடுப்பு நாற்காலியின் முதுகில் ஒட்டும்வரை தள்ளி உட்காரவை. முழங்கால் மடிப்புக்கும் நாற்காலி விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இருக்கை அவனுக்கு ஆழம். முதுகுப் பக்கம் கெட்டி ஃபோம் துண்டு கொடு. பிறகு உள்ளங்காலிலிருந்து தரைவரை டேப் வைத்து அள. அதுதான் கால்பலகையின் உயரம். அவசரத்துக்குப் பழைய பேப்பரை அடுக்கி பேக்கிங் டேப் சுற்றினால் போதும். நிரந்தரத்துக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி, அடியில் பழைய ஹவாய் செருப்பு ரப்பரை ஒட்டினால் நகராது. மேசை, மடக்கிய முழங்கை மட்டத்தில் இருக்கட்டும்; விரற்கடை கூடினால் பரவாயில்லை.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. காற்று மெத்தை வைத்ததும் உட்காரும் உயரம் நாலைந்து செ.மீ. ஏறிவிடும். பாதம் கால்பலகையை விட்டு எழும்பும், மேசை தாழ்ந்துபோகும். பிள்ளை நெளிவான், 'இவனுக்கு மெத்தை ஒத்துவரவில்லை' என்று நாம் தூக்கிப் பரண்மேல் போடுவோம். மெத்தை ஏறினால் பலகையும் மேசையும் கூடவே ஏற வேண்டும். காற்றும் குறைவாகவே போதும்: உட்கார்ந்தபின் அடிப்பாகம் நாற்காலியின் இருக்கையில் இடிக்காத அளவு. விறைக்க ஊதினால் வழுக்கித்தான் விழுவான்.

பந்துக்கும் அதே கணக்கு. பாதம் தரையில் பதிந்து, தொடை தரைக்கு நேர்மட்டமாக நிற்கும் அளவுதான் அவனுடைய அளவு. உருளாமல் இருக்க அடியில் பழைய டயர். கத்திரி வெயிலில் பூட்டிய அறையில் காற்று விரிந்து கல்லாகிவிடும், காலையில் அமுக்கிப் பார். தசை தளர்ந்த பிள்ளைகளை அதில் உட்காரவே வைக்காதே. ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடுவார்கள், அவர்களுக்குப் பிடிமானமான நாற்காலிதான். டிராம்போலினில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளையை ஏற்றுமுன் கழுத்தெலும்புத் தளர்வு பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். ஸ்பிரிங் வேறு நம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதை ஏன் வாங்கினாய் என்று கேட்கமாட்டேன்.

காலாட்டுகிற பிள்ளைக்கு சைக்கிள் டியூப் இருக்கிறதே! நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே, கணுக்கால் உயரத்தில் இழுத்துக் கட்டு. உதைத்தாலும் சத்தம் வராது. உள்ளிருக்கும் பவுடரைக் கழுவிவிட்டு, பழைய பனியன் துணியை உறைபோல் மாட்டு, இல்லையென்றால் கால்சட்டையெல்லாம் கருப்பாகும். வாரம் ஒருமுறை விரிசல் பார்.

பிள்ளை அமைதியாக உட்கார மடிமேல் வைக்கும் எடைப்பை பற்றிக் கேட்டிருந்தாய். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பார்கள். 25 கிலோ பிள்ளைக்கு ஒன்றேகால் கிலோவிலிருந்து ஆரம்பி. ஆய்வுகள் இதில் ஒரே பேச்சாகப் பேசவில்லை, அதனால் பெரிய நம்பிக்கை வைக்காதே. பதினைந்து, இருபது நிமிடம் போதும். அவனே எடுத்துப்போட முடிய வேண்டும், தூங்கும்போது கூடவே கூடாது. அரிசி நிரப்பினால் வண்டு வரும். புளியங்கொட்டை போட்டு, கட்டம் கட்டமாகத் தைத்தால் ஒரு பக்கமாகச் சரியாது.

இவ்வளவும் செய்தபின்னும் பதினொன்றரைக்குக் காதைப் பொத்துகிறான் என்றால் குற்றம் நாற்காலியில் இல்லை. பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறார்களா, டியூப்லைட் சோக் ரீங்கரிக்கிறதா, கேள். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், எப்போது எழுந்தான், எழுதி வை. புதுசு பிடித்த முதல் மூன்று நாளைக் கணக்கில் சேர்க்காதே.

தச்சுக்கூலிக்கு உங்கள் பள்ளியில் மூக்கால் அழுதால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ஐக் காட்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும். கெஞ்ச வேண்டியதில்லை.

சனிக்கிழமை டேப்போடு வருகிறேன். அதுவரை நீலச் சட்டைக்குப் பேப்பர் கட்டு ஒன்று தயார் செய். பந்து ஆறும் பீரோவுக்குள் போகட்டும்.

மல்லிகா