வரிசை மாறாமல் வந்த ஊசிக்கு நன்றி

அம்மாவுக்குக் கொரோனா தடுப்பூசியான கோவாக்சின் இரண்டாம் தவணை போட்டாகிவிட்டது. கை வலியும் ஓர் இரவுக் காய்ச்சலும் வந்து போனதைத் தவிர வேறு தொல்லை ஏதுமில்லை. விசாரித்து அழைத்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியே பதில் சொல்ல இயலாததாலும், சிலருக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டியிருப்பதாலும் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியருக்கு. தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். போடாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த 2021 மே, ஜூன் மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கோவாக்சின் முதல் தவணை போட்டுக்கொண்டவர்களின் தவிப்பு மட்டும் சற்றுத் தனியானது. மற்றொரு தடுப்பூசியான கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையிலான இடைவெளி மே 13 அன்று 12 முதல் 16 வாரங்கள் என நீட்டிக்கப்பட்டபோது, அதைப் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். கோவாக்சினுக்கு அப்போதும் அதே நான்கு முதல் ஆறு வாரங்கள்தான். நாள் நெருங்க நெருங்க, மருந்து எங்கும் இல்லை. ஏப்ரலில் தானே நடந்து போய் முதல் ஊசி போட்டுக்கொண்ட அம்மா, அதற்குப் பிறகு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். நான் விடிகாலையில் போய் டோக்கன் வாங்கினாலும் அவரை வரிசையில் நிறுத்த வழியில்லை. பக்கத்து நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றில், பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்கே எப்போது மருந்து வரும் என்று சொல்ல ஆளில்லை.

அப்படியான ஒரு மாலையில் செவிலியர் தாமாகவே எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மருந்து வந்துவிட்டது என்று சொல்வதற்கு அல்ல. வரவில்லை என்று சொல்வதற்கு. "பாட்டி, உங்களுக்கு முன்னாடி நாள் தாண்டினவங்க இன்னும் இருக்காங்க. உங்க முறை வரும்போது நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் பையனை வெயில்ல அனுப்பி நிக்க வைக்காதீங்க." இவ்வளவுதான் பேச்சு. பல வாரங்களாக யார் யாரிடமோ கேட்டு, "நாளைக்கு வாங்க", "பார்க்கலாம்", "ஆப்பில் பாருங்க" என்ற பதில்களையே பெற்றிருந்த வீட்டில், இல்லை என்பதை ஒருவர் காரணத்தோடு சொன்னதே பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றிரவு அம்மா தூங்கினார்.

முதல் தவணை போட்ட தேதி வாரியாக, தொலைபேசி எண்களோடு, அவர் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைத்திருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணினியில் உள்ள விவரம்தான் என்றாலும், யாருடைய நாள் எத்தனை தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய அந்த நோட்டுதான் உதவியது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தம் வீட்டாருக்கு முன்கூட்டியே போடச் சொல்லி ஆள் அனுப்பியபோது, செவிலியர் வாதம் எதுவும் செய்யாமல் நோட்டைத் திருப்பிக் காட்டி, "இதில் யார் பெயரை அடிக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டாராம். வந்தவர் திரும்பிப் போய்விட்டார். மருந்தாளுநர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். செவிலியர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எங்கள் முறை எதிர்பாராமல் ஒரு பிற்பகலில் வந்தது. டோக்கன் பெற்ற ஒருவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டதால், குணமாகி மூன்று மாதம் கழித்தே அவருக்கு ஊசி போட முடியும் என்றாகி, நோட்டில் அடுத்த பெயராக அம்மாவின் பெயர் இருந்தது. அப்போதைய விதிப்படி, குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டியிருந்தது. அதன் லேபிளில் திறந்த நேரம் 1.40 என்று பேனாவால் எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். அம்மாவை ஆட்டோவில் கிடத்தாத குறையாக அழைத்துப் போய் வாசலில் நிறுத்தினோம். உள்ளே தூக்கி வரச் சொல்வார்கள் என்று நானும் ஆட்டோக்காரரும் தயாரானபோது, செவிலியர் வெளியே வந்து, முதலில் ஆட்டோவை வேப்பமர நிழலுக்கு நகர்த்தச் சொன்னார். பிறகு மருந்தேற்றிய சிரிஞ்சோடு வந்து, பின்னிருக்கையின் ஓரத்தில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, அம்மாவின் ரவிக்கைக் கையை மெல்ல மேலே சுருட்டி ஊசியைப் போட்டார். போட்டவுடன் போய்விடவுமில்லை. அரை மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த அரை மணியும், உள்ளே ஒரு சத்தம் கேட்டால் எழுந்து போவதும் திரும்பி வருவதுமாக, ஆட்டோவின் அருகிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்தைச் சரிசெய்ய இறக்கியபோது அவர் மூக்குத்தண்டில் அது பதித்த தழும்பு தெரிந்தது. அம்மா சாப்பிட்டாரா என்று கேட்டார். செவிலியர் சாப்பிட்டிருக்கவில்லை என்பதை அம்மாதான் கண்டுபிடித்தார்.

நிலையத்தின் மருத்துவ அலுவலருக்கும் நன்றி. வந்த மருந்தில் குறைந்தது 70 சதவீதத்தை இரண்டாம் தவணைக்கு ஒதுக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மே 11 அன்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. கோவாக்சின் இருபது டோஸ் மட்டுமே வந்த ஒரு நாளில் அவர் இருபதையும் இரண்டாம் தவணைக்கே கொடுத்து, காரணத்தையும் வாசல் கரும்பலகையில் எழுதிவைத்தார். முதல் ஊசிக்காக வந்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள். அதில் நியாயமும் உண்டு. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் வாசலில் நின்று பதில் சொன்னார். பற்றாக்குறையைத் தீர்ப்பது அவர் கையில் இல்லை. பங்கிடும் முறையை எல்லோருக்கும் தெரியச் செய்வது அவர் கையில் இருந்தது, அதைச் செய்தார். இதே காரணத்துக்காக, கையிருப்பு தீர்ந்த நாட்களில் தீர்ந்துவிட்டது என்று வெளிப்படையாகவே அறிவித்த, அன்றைய மாநில சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன், சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணன், பொது சுகாதாரத் துறை இயக்குநர் செல்வவிநாயகம் ஆகியோருக்கும் என் வணக்கம். மூன்றரைக் கோடி டோஸுக்குத் தமிழ்நாடு அரசு உலகளாவிய டெண்டர் விட்டும் ஒருவரும் முன்வராத நிலையில், செங்கல்பட்டில் தடுப்பூசி வளாகம் ஒன்று கட்டியும் ஓடாமல் நின்ற அந்தக் காலத்தில், இல்லை என்று சொல்வது எளிதான வேலையாக இருக்கவில்லை. ஜூன் 21 முதல் மத்திய அரசே வாங்கித் தருவதென ஆனது நல்லது. மே மாதமே அப்படி இருந்திருக்கலாம்.

காத்திருந்த நேரத்துக்குக் கூலி வாங்க மறுத்த ஆட்டோக்காரர், சக்கர நாற்காலி தந்த எதிர்வீட்டார், கரும்பலகையைத் தினமும் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பி எத்தனையோ பேரின் அலைச்சலைக் குறைத்த தெருப் பிள்ளைகள், ஊரடங்கிலும் ஒரு நாள் தவறாமல் வந்த தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செவிலியருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களின் பெயர்கள் தம்மிடம் முழுமையாக இல்லை என்று மட்டும் சொன்னார். ஆகவே மேலத்தெரு, கீழத்தெரு, காலனி மூன்றிலும் வீடு வீடாகப் போய் அந்தப் பட்டியலை எடுக்கும் வேலையை நானும் என் தங்கையும் ஏற்றிருக்கிறோம். படுக்கையில் இருப்பவர், மாற்றுத்திறனாளி, துணைக்கு ஆளில்லாத முதியவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதல் தவணை போட்ட தேதியையும் எந்த ஊசி என்பதையும் சேர்த்து எங்களிடம் சொல்லுங்கள். ஞாயிறு மாலைக்குள் பட்டியலை நிலையத்தில் கொடுத்துவிடுவோம்.

நன்றியுடன்,
அம்மாவின் சார்பில் அவர் மகன்