பெரியவனுக்கு அப்பா எழுதறது

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். போன்ல நான் ‘என்ன’ங்கறேன், நீ ‘என்ன’ங்கற, நடுவுல உங்கம்மா கத்தறா. அதான் கடுதாசி. செந்தூரா மா நல்லா பூ எடுத்திருக்குது. மேட்டு வரப்பு விசயம் நீ சொன்ன மாதிரியே முடிஞ்சுது. மத்ததை நேர்ல சொல்றேன்.

பொங்கலுக்கு வந்தப்ப உங்கம்மா பின்னாலருந்து மூணு தடவை கூப்பிட்டா, நீ திரும்பவே இல்ல. சின்னவன் கல்யாணத்துல நடந்ததை இன்னும் மனசுல வெச்சிருக்கானான்னு தினமும் கேக்கறா. நான் ஒண்ணும் சொல்லல. போகி அன்னிக்கு விடியக்காலம் தொட்டித் தண்ணியில கைய விட்டுட்டு சட்டுனு அக்குள்ல சொருகிக்கிட்டியே, அப்ப நான் மாட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். ரெண்டு விரலும் சுண்ணாம்பு அப்பின மாதிரி இருந்துச்சு.

இருபத்திரெண்டு வருசம் குவாரியில பாறை துளைக்கற ஜாக்ஹேமர் புடிச்சவன்கிட்ட மறைக்கலாமா கண்ணு?

போன மாசம் தருமபுரி பெரியாஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுத்தேன். பாப்பா பேசறது மட்டும் ஏன் எனக்குப் புரிய மாட்டேங்குதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. கீச்சுக்குரலு, ‘ச’ ‘த’ மாதிரி எழுத்தெல்லாம் முதல்ல போயிடுமாம். உள்ள இருக்கற மயிர் மாதிரி செல்லு செத்தா திரும்ப முளைக்காதாம். அதுல சத்தம் மட்டும் குத்தவாளி இல்லையாம். கையில அதிர்வும் சேர்ந்தா ரத்தக்குழாய் சுருங்குதாம், விரலுக்கு மட்டுமில்ல, காதுக்குப் போற சின்னச் சின்னக் குழாயும் அப்படி ஆகுதுன்னு நினைக்கறாங்களாம். ஒரே சத்தத்துல ரெண்டு பேர் நின்னாலும், விரல் வெளுக்கறவனுக்குத்தான் காது அதிகமா போகுதுன்னு கண்டிருக்காங்களாம். உனக்கு அங்க ஃபவுண்டரியில உலைச்சூடு வேற, தூசி வேற. வார்த்த இரும்புக் காஸ்டிங்கை கிரைண்டர்ல புடிச்சுத் தேய்க்கறதும் நம்ம ட்ரில்லும் ஒண்ணுதான்.

அதனால இயர் பிளக் போடு. பஞ்சு வேண்டாம், அது ஆவாது. கிரைண்டரை இறுக்கிப் புடிக்காத, நடுநடுவுல கையை ஆறவிடு, வெதுவெதுப்பா வெச்சுக்கோ. சிகரெட்டை விடு, அதுவும் குழாயைச் சுருக்குமாம். மூணு டெசிபல் ஏறினாலே சத்தத்தோட பலம் ரெட்டிப்பாம், அதனால பிளக்கைக் கொஞ்ச நேரந்தானேன்னு கழட்டாத. இ.எஸ்.ஐ. இருக்குது இல்ல? காதையும் கையையும் ஒண்ணாக் காட்டு. தனித்தனியாக் காட்டினா தனித்தனியா மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.

உன் சம்பளத்துலதான் இந்த வீட்டுக்குத் தளம் போட்டோம். ஊர்ல அதைச் சொல்லாத நாளில்ல. ஆனா கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல. இயர் பிளக் போடு, மறக்காத.

இன்னொண்ணு. பத்தாவது லீவுல உன்னைக் குவாரிக்குக் கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா? பாரடைசோ கிரானைட் கல்லு வெட்டின அந்தப் பாறை. மூணாம் நாள் ராத்திரி, திண்ணையில படுத்துக்கிட்டு, ‘காதுல ஙொய்யினு கேக்குதுப்பா’ன்ன. போகப் போகச் சரியாயிடும்னு சொன்னேன். எனக்கு அது ஆரம்பிச்சு அப்பவே ஆறு வருசம் ஆகியிருந்துச்சு. சரியாவாதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு ஆள் கூலி வந்துட்டிருந்துச்சு, சின்னவனுக்கு ஃபீஸ் கட்டணும். மறுநாள் உன்னைத் திரும்பவும் எழுப்பினேன். நீ ஒண்ணும் பேசாம வந்த.

இன்னிக்கு வரைக்கும் உங்கம்மாவுக்கு இது தெரியாது. இதையும் நீ படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடு.

மாசி மாசம் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிட்டு வா. ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். டாக்டர் சொல்றது நமக்கு ரெண்டு பேருக்குமே சரியாக் கேக்காது, மருமவளையும் கூட்டிட்டு வா.

இப்படிக்கு,
அப்பா