பெயரை வெட்டாதீர்கள்: சர்வர் இடமாற்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வர் இடமாற்றக் குழுவினருக்கு,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்துக்குப் பயனர் கணக்குகளை மாற்றியதும் 'வெற்றிகரமாக நிறைவடைந்தது' என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். மகிழ்ச்சி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும் என்பதால், ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

'அக்கவுண்ட்ஸ்_பேயபிள்', 'அக்கவுண்ட்ஸ்_ரிசீவபிள்' என்று இரண்டு பயனர்பெயர்கள் இருந்தன. ஒன்று பணம் கொடுக்கும் பிரிவுக்கு, மற்றது வசூலிக்கும் பிரிவுக்கு. ஏஐஎக்ஸ் இயல்பில் எட்டு எழுத்துக்கு மேல் ஏற்காது என்பதால், கணக்குகளை மாற்றும் உங்கள் ஸ்கிரிப்ட் (தானியங்கி நிரல்) எல்லாப் பெயர்களையும் எட்டோடு வெட்டியது. ஆங்கிலத்தில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதே சரியாக எட்டு எழுத்து! இரண்டாவது கணக்கை உருவாக்கும்போது, இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சிஸ்டம் சொல்லத்தான் செய்தது. அந்தப் பிழைச்செய்தியை, எது போட்டாலும் காணாமல் போகும் டெவ்-நல் என்ற குப்பைத்தொட்டிக்குத் தள்ளிவிட்டு ஸ்கிரிப்ட் தன் போக்கில் போய்விட்டது.

எந்த வேலை எந்த நேரத்தில் தானாக ஓட வேண்டும் என்று சொல்லும் கிரான்டேப் கோப்பு பயனர்பெயரிலேயே சேமிக்கப்படுவது. வசூல் பிரிவின் கிரான்டேப், மற்றதன் மேலேயே எழுதப்பட்டுவிட்டது. பட்டுவாடாக் கோப்பைத் தயாரிக்கும் இரவு வேலை ஓடவே இல்லை. எச்சரிக்கையும் வரவில்லை, ஓடாத வேலை எங்கிருந்து பிழை சொல்லும்? யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று காட்டும் 'லாஸ்ட்' கட்டளையில் பார்த்தால் வந்தவர் போனவர் எல்லோருமே 'அக்கவுண்ட்ஸ்'. ஒரு பிரிவின் கோப்பை இன்னொரு பிரிவு திருத்தியிருந்தால் தணிக்கையாளரிடம் யாரைக் காட்டுவது?

கேட்பது ஒன்றுதான்: பெயரை வெட்டாதீர்கள். ஏஐஎக்ஸ் 5.3 முதலே இந்த வரம்பை உயர்த்தலாம். சிஸ்டம் அமைப்புகளை வைத்திருக்கும் 'சிஸ்0'-வில், பெயர் நீளத்தைக் குறிக்கும் 'மேக்ஸ்_லாக்நேம்' மதிப்பு இயல்பாக 9, அதாவது எட்டு எழுத்தும், பெயர் முடிந்தது என்று காட்டும் ஒரு நல் குறியும். அமைப்புகளை மாற்றும் 'சிஎச்டெவ்' கட்டளையால் அதை 33 ஆக்கி ரீபூட் செய்தால் 32 எழுத்துப் பெயர்களும் முழுதாக வந்து சேரும். ரீபூட்டுக்கு அனுமதி கிடைப்பது கடினம் என்றீர்கள். புதிய சர்வர், உள்ளே ஒருவரும் வராத நேரம். அப்போது கிடைக்காத அனுமதி, இப்போது எல்லோரும் வேலை செய்யும்போது கிடைத்துவிடுமா?

சோதனை ஓட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்பது உங்கள் பதில். இருக்காதா? சோதனைக்கு வைத்த கணக்குகள் 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2'. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் லினக்ஸின் 'பிஎஸ்' கட்டளைகூட இடம் போதாதபோது பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டு, வெட்டியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு அந்த நாணயம்கூட இல்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணக்குகளையும் பழைய யுஐடி (பயனர் அடையாள) எண்களோடு, முழுப் பெயரில், தனித்தனியாக மீட்டுத் தாருங்கள். கிரான்டேப்களைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து அவரவர் பெயரில் வையுங்கள். அடுத்த தொகுதியைத் தொடும் முன் எட்டு எழுத்தைத் தாண்டும் பெயர்களின் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள். அதுவரை, தயவுசெய்து, எந்தப் பெயரையும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
அப்ளிகேஷன் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர்