நிச்சயதார்த்தத் தட்டு: பசை பொருளில் படக் கூடாது

அன்பு மகனுக்கு,

உன் மச்சினன் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு அலங்காரம் உன் பொறுப்பும் கவிதா பொறுப்பும் என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். பதினொரு தட்டாமே. கடையில் கொடுக்காமல் நீங்களே செய்வது நல்லதுதான். கடைக்காரர் பார்வைக்கு அழகாகச் செய்துவிடுவார். பெண் வீட்டில் அதைப் பிரிக்கும்போது அவர் அங்கே இருக்கப் போவதில்லை. அதனால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள். பசை, டேப், குண்டூசி எல்லாம் தட்டிலும் அட்டையிலும் படலாம். கொடுக்கிற பொருளில் படக் கூடாது. கத்தரிக்கோல் தேடாமல் ஒரே நிமிஷத்தில் பிரிக்க வர வேண்டும்.

பட்டுச்சேலையைத்தான் அதிகம் கெடுக்கிறார்கள். மயில், தாமரை என்று உருவம் வரவேண்டுமானால் குண்டூசி நிறையக் குத்த வேண்டும். பட்டில் ஊசி இழையை இழுத்துவிடும். சரிகையில் குத்தின ஓட்டை மூடவே மூடாது. ஊசியில் துரு இருந்தால் கறை வேறு. விசிறி மடிப்பே போதும். கடை மடிப்பைக் கலைக்காமல் முந்தியில் 30 செ.மீ. மட்டும் வெளியே எடு. சேலையின் அகலம் சுமார் 120 செ.மீ. இருக்கும். ஒரு கரையில் ஆரம்பித்து மறு கரை வரை 5 செ.மீ. அகலத்தில் முன்னும் பின்னுமாகக் கொசுவினால் இருபத்து நாலு மடிப்பு வரும். அடியில் 5 செ.மீ. விட்டு, பருத்தி நாடாவால் சுருக்குப் போட்டுக் கட்டு. இறுக்கி முடிச்சுப் போட்டால் அவிழ்க்கும்போது நகத்தால் கிழிப்பார்கள். மேல்பக்கத்தை விரித்துவிட்டால் விசிறி. முழு அரைவட்டமாக விரிக்க வேண்டாம், தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கதவு நிலையில் இடிக்கும்.

விசிறி தானாக நிற்காது. கெட்டி அட்டையில் 22 செ.மீ. உயரத்துக்கு அதே வடிவில் வெட்டி, பட்டர் பேப்பரைச் சுற்றி, பின்னால் முக்கோணமாக ஒரு தாங்கு ஒட்டு. தாங்கின் அடியைத் தட்டில் ஒட்டலாம், அது தட்டுதானே. கொசுவத்தை அட்டையோடு பிடிக்க இரண்டு ப்ளாஸ்டிக் க்ளிப் போதும். க்ளிப்புக்கும் பட்டுக்கும் நடுவில் டிஷ்யூ பேப்பர் வை. இதற்கு 40 செ.மீ. தட்டு வேண்டும். முதல் நாள் ராத்திரி செய்தால் போதும். நாலைந்து நாள் அப்படியே வைத்தால் மடித்த இடத்தில் சரிகை நலுங்கிவிடும். மல்லிகைச் சரத்தைச் சேலைமேல் போடாதே. ஈரம் பட்ட சரிகை கறுக்கும். பூவுக்குத் தனித் தட்டு.

பழத்தட்டில் கணக்கு சரியாக இருந்தால் அலங்காரமே தேவையில்லை. ஒரே அளவு ஆப்பிளாகப் பொறுக்கி வாங்கு, 7 செ.மீ. விட்டம் நல்லது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அவற்றின் பள்ளங்களில் மூன்று, உச்சியில் ஒன்று. பதினொன்று, ஒற்றைப்படையும் ஆச்சு. அடி வரிசை உருண்டு விரிந்தால் மொத்தமும் சரியும், அதனால் துண்டைத் திரித்து வளையமாக விளிம்பை ஒட்டி வைத்து, அதன்மேல் நிறத்தாள் பரப்பு. பழத்தை ஈரம் போகத் துடை, ஸ்டிக்கரை உரி. வாழைப்பழம் தனித் தட்டில் இருக்கட்டும், முக்கால் பழுத்த சீப்பாக. அது விடும் வாயு பக்கத்துப் பழங்களையும் சீக்கிரம் கனிய வைத்துவிடும்.

மூடுவதற்குக் கண்ணாடித் தாள் வாங்கினால் அளவு இப்படி: தட்டின் அகலம், அதோடு உயரத்தின் இரு மடங்கு, அதோடு 40 செ.மீ. தட்டு 30, குவியல் 22 என்றால் 114 செ.மீ. சதுரம். ஆனால் உள்ளே பழம் வியர்த்து, தாளில் பனி படிந்து, ஒன்றும் தெரியாமல் போகும். பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு ஊசித் துளை போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. எனக்கு நெட் துணிதான் பிடிக்கும். காற்று போகும், சலசலக்காது, அவிழ்த்து இன்னொரு தடவை பயன்படுத்தலாம்.

வளையலுக்கு அட்டை உருளையில் கோபுரம் கட்டலாம். வளையல் அளவு 2.4 என்றால் 2 அங்குலத்தோடு பதினாறில் நாலு பங்கு, அதாவது 57 மி.மீ. உள்விட்டம், 2.6 என்றால் 60 மி.மீ. உருளையில் வெல்வெட் துணியைச் சுற்றிச் சுற்றி அந்த அளவுக்கு ஓரிரு மி.மீ. குறைவாகக் கொண்டுவா, வளையல் தானாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி வளையலில் சூட்டுப் பசை வைத்தால் உரிக்கும்போது உடையும். உருளையைத் தெர்மாகோல் அடியில் நிறுத்துவதானால் குறைந்த சூட்டு க்ளூ கன்தான். அதிகச் சூட்டில் தெர்மாகோல் குழிந்துபோகும். ரப்பர் பசையோ அதைக் கரைத்தே விடும். சாதாரண வெள்ளைப் பசை ஒன்றும் செய்யாது, ஒரு ராத்திரி காய வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சள், குங்குமம், கற்கண்டு எல்லாம் சின்னக் கிண்ணத்தில் வைத்தாலே லட்சணம். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக் கிளம்புகிற நேரத்தில் அடுக்கு, நுனி உடையாதபடி. தேங்காய் உருளும், அதற்கும் துணி வளையம். இனிப்புக்கு அடியில் பட்டர் பேப்பர். நெய்க் கறை சேலைத் தட்டுக்கு வராதபடி காரிலும் தள்ளி வை. சாக்லேட் பூங்கொத்து வேண்டாம் என்பேன். வெயிலில் நிறுத்தின காரில் கால் மணி நேரம் தாங்காது.

பணத் தட்டில் நோட்டை மயிலாக, பூவாக மடிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. நோட்டை மாலை கட்டவும் அலங்காரத்துக்கும் பயன்படுத்த வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டேப்ளர் அடிக்காமல் புது நோட்டுகளை விசிறியாக வைத்து, இடுப்பில் ஒரு காகிதப் பட்டை போட்டால் போதும். பட்டையின் இரு முனையும் ஒன்றோடொன்று ஒட்டட்டும், நோட்டோடு அல்ல. நகை பெட்டியோடு பெரியவர் கையில் இருக்கட்டும், வரிசையில் தட்டேந்திப் போக வேண்டாம்.

தூக்குவது யார் என்று முன்பே கேள். பித்தளைத் தாம்பாளமே கனம். அதில் பழமும் சேர்ந்தால் அத்தைமார் கை வலிக்கும். மூன்று கிலோவுக்கு மேல் போனால் இரண்டு தட்டாகப் பிரி, ஆனால் மொத்தம் ஒற்றைப்படையில் நிற்க வேண்டும். உயரம் முகவாய்க்குக் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் படி தெரியாது. தட்டுக்கு அடியில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டு, முதல் தட்டு மஞ்சள் குங்குமம். முன்பக்கம் எது என்றும் ஒரு புள்ளி வை. காரில் சீட்டில் வைக்காதே, சரிவு இருக்கும்; கால் வைக்கிற இடத்தில் விரிப்புப் போட்டு வை.

சாமானுக்கு அலைய வேண்டாம். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் அட்டையும் நிறத்தாளும், கோடவுன் தெருவில் துணியும் கிடைக்கும். சேலை எடுத்த பிறகு போ. சேலை அரக்கு என்றால் தட்டுக்கும் அரக்கு வாங்கிவிடாதே, கரை மறைந்துபோகும். சந்தன நிறம் எடு. என்ன நிறம் எடுத்தீர்கள் என்று கவிதாவை எழுதச் சொல். என்னிடம் இருக்கிற நாடா பொருந்தினால் வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா